சுவரைப் பார்த்து உட்காருங்கள்

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் பருப்பு தீய்ந்தது.

குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, நாலு விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள் என்று கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் காய்கறி வாங்கப் பசாருக்குப் போனேன். திரும்பி வந்தால்... டத்தோ கிராமாட்டில் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்ட் கதவு திறந்ததுமே அடிப்பிடித்த வாடை. மனிதர் ஹாலில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்!

"என்னங்க, அடுப்ப அணைக்கலயா?"

"விசிலே வரலயே, மல்லிகா."

அவர் இதைச் சொல்லி வாய் மூடவில்லை, குக்கர் விசில் அடித்தது. அவர் திரும்பவில்லை. கண்கூட அசையவில்லை. என் வாயையே பார்த்தபடி பதிலுக்குக் காத்திருந்தார்.

எனக்கு வந்தது கோபம்தான். இந்தப் பத்தியை வாரா வாரம் வாசிக்கிறவர்களுக்கு என் கணவரைத் தெரியும். நான் சொல்வதைக் காதில் வாங்காத மனிதர் என்று எத்தனை முறை எழுதி உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன்? எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது என்று எத்தனை பேர் எனக்குக் கடிதம் போட்டீர்கள்? அவரும் படித்துவிட்டுச் சிரிப்பார்.

இந்த முறை விடுவதாக இல்லை. காது டெஸ்ட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் — காது நன்றாகத்தான் இருக்கிறது, கவனம்தான் இல்லை என்று ஒரு நிபுணரிடம் எழுதி வாங்கத்தான் போனேன்.

சோதனை செய்தவர் முப்பது வயதுத் தமிழ்ப்பெண். கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் என் கணவரை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார். பீப் சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். ஜன்னலுக்கு வெளியே மெஷின் முன்னால் அவர். அவருக்குப் பக்கத்தில் நான்.

இவர் டக் டக்கென்று அழுத்தினார். ஏறக்குறைய ஒன்றுகூடத் தவறவில்லை. பார்த்தீர்களா? அடுத்த வாரப் பத்திக்குத் தலைப்பே யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அந்தப் பெண் முடிவைப் பார்த்தார். கண்ணாடி வழியே என் கணவரைப் பார்த்தார். எழுந்து உள்ளே போனார்.

"அங்கிள், இன்னொரு தடவ பாத்துருவோம்லா. நாற்காலிய திருப்பிப் போட்டு, சுவரப் பாத்து உக்காருங்க."

மறுபடி ஆரம்பம். அந்தப் பெண் மெஷினில் தட்டுகிறார். எனக்குத் தெரிவது என் கணவரின் முதுகும், பட்டன் மேல் வைத்த கட்டைவிரலும்தான். விரல் அசையவில்லை. சத்தத்தைக் கூட்டினார். அசையவில்லை. இன்னும் கூட்டினார். தன் பக்கத்தில் இருந்த ஹெட்போனை எடுத்து என்னிடம் நீட்டினார். ஒரு நொடிதான் வைத்தேன் — காதைத் துளைக்கிற கீச்சுச் சத்தம்! பிடுங்கி எடுத்துவிட்டேன்.

உள்ளே விரல் அப்படியே இருந்தது.

அப்படியானால் முதல் தடவை எப்படி? காதால் இல்லை, கண்ணால்! மெஷினில் தட்டும்போது அந்தப் பெண்ணின் தோள் துளி அசையும். அசைந்தால் அழுத்து. அவ்வளவுதான். இங்கே வந்துமா ஏமாற்றுவீர்கள் என்று கேட்டால், பழக்கத்தில் வந்துவிட்டது என்கிறார்.

என்ன பழக்கம்? கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தகடு வெட்டும் பிரஸ் மெஷினில் அவருக்கு இருபத்திரண்டு வருடம். தினமும் பெர்ரிப் படகில் மோட்டார் சைக்கிளை ஏற்றிப் போய் வருகிறவர். வருடத்துக்கு ஒருமுறை அங்கேயும் காது டெஸ்ட் உண்டு. தவறினால் மெஷினை விட்டு ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்களாம். அவருக்கு அது வீட்டில் உட்கார்வதற்குச் சமம். ஆகவே இந்த வித்தை. காதை அடைத்துக்கொள்ளக் கம்பெனி கொடுக்கும் ரப்பர் அடைப்பான்? சட்டைப் பையில் பத்திரமாக இருக்குமாம். மெஷின் சத்தத்தைக் கேட்டால்தானே வெட்டு சரியாக விழுகிறதா என்று தெரியும்!

அந்தப் பெண் ஒரு படத்தை எடுத்து வைத்து விளக்கினார். உள்காதில் நத்தை ஓடு மாதிரி ஒன்று. அதற்குள் வரிசை வரிசையாக மயிர்ச்செல்கள். சத்தம் வரும்போது அவற்றின் நுனி அசைந்தால்தான் மூளைக்குச் செய்தி போகும். கீச்சுச் சத்தத்துக்கான செல்கள் நுழைவாயிலிலேயே இருக்கின்றன. வாசல் மிதியடி கால் வைக்கிற இடத்தில் முதலில் தேய்வது போல, பெரும்பாலும் அவைதான் முதலில் சாகின்றன. குக்கர் விசில், குழந்தைக் குரல், பெண்கள் பேச்சில் பாதி... எல்லாம் அங்கே. லாரி உறுமினால் இவருக்குக் கேட்கும். நான் பேசினால் ஏதோ பேசுகிறேன் என்பது மட்டும் கேட்கும்.

"மறுபடி முளைக்குமாம்மா?" என்று கேட்டார் என் கணவர்.

"இல்ல அங்கிள். போனது போனதுதான்."

கோழிக்கு முளைக்குமாம். மனிதனுக்கு முளைக்காதாம். கருவி மாட்டினால் மிச்சம் இருக்கிற செல்களை வைத்துச் சமாளிக்கலாம், அவ்வளவுதான். தலையில் நரைக்கிற நாலு முடிக்கு மாதம் தவறாமல் சாயம் பூசுகிற மனிதர் இவர். நாம் எல்லோரும் அப்படித்தானே? வெளியே தெரிகிற முடிக்குக் கடை கடையாக எண்ணெய் தேடுகிறோம், உள்ளே இருப்பது இருக்கிறதா போய்விட்டதா என்றே தெரியாது.

காரில் வரும்போது, தோள் பார்க்கும் வித்தையை யார் கற்றுக் கொடுத்தது என்று கேட்டேன். சிக்னலில் நிற்கும்போது, அவர் பக்கம் திரும்பி, இரண்டு முறை.

"யாரும் இல்ல. நான்தான் மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன்."

பின்னால் ஹாரன் அடித்தார்கள். எனக்கு வண்டியை எடுக்கத் தோன்றவில்லை. அவருடைய மெஷின் வரிசையில் இன்னும் பதினொரு பேர் இருக்கிறார்கள். பதினொரு பேரிடமும் காது நன்றாக இருக்கிறது என்று ஒரு தாள் இருக்கிறது! உதவி என்று நினைத்துத்தான் செய்திருக்கிறார். திங்கட்கிழமை அவரே பாதுகாப்பு அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். எல்லோருக்கும் மறு டெஸ்ட். இவருக்கு இனி ஸ்டோர்தான்.

அன்று சாயங்காலம் கேட்டேவிட்டேன். என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

"பாதிதான் கேக்குதுன்னு சொன்னா, நீ பேசுறதயே குறைச்சுக்குவன்னு தோணுச்சு."

அழுதுவிட்டேன். இத்தனை வருடம் கேலி எழுதிப் பேர் வாங்கியவள் நான். வெட்கமாக இருக்கிறது. உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன், அவரிடமும் கேட்டுவிட்டேன்.

இதை அச்சுக்கு அனுப்பும் முன், அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மெதுவாக முழுதும் வாசித்துக் காட்டினேன். சரியான இடங்களில் சிரித்தார். ஓர் இடத்தில் கண் கலங்கினார். எல்லாம் கேட்டது என்றார்.

என் வார்த்தையைக் கேட்டா... என் முகத்தைப் பார்த்தா?