ஒரே அண்டாவில் இரண்டு கம்பெனி

பெரிய கூல் டிரிங்க்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேரலாமா என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பொம்மசந்திரா பிளாண்டில் பாட்டில் நிரப்பும் ஃபில்லர் மெஷின் ஆபரேட்டராகச் சேர்ந்து, ஷிப்ட் இன்சார்ஜாக ரிட்டயர் ஆனவன் நான்.

1. இலவசம்

முதல் நாள் டிரெய்னிங் கொடுத்தவர், "பிரேக் ரூம்ல எவ்ளோ வேணா குடிங்க, ஃப்ரீ" என்றார். முதல் வாரம் தண்ணீருக்குப் பதில் அதையே குடித்தோம். சில மாதம் போனதும் அந்த வாசனை வந்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டோம். எல்லார் பையிலும் மோர்தான். வருடா வருடம் கம்பெனி செலவில் மெடிக்கல் செக்கப் உண்டு. கம்பெனி டாக்டர் எங்களைப் பார்த்தே, "கூல் டிரிங்க்ஸ் எல்லாம் விட்டுடுங்க" என்பார்.

நல்லதையும் சொல்ல வேண்டும். பஸ், கேண்டீன், குடும்பத்துக்கே இன்ஷூரன்ஸ். எல்லாவற்றையும் விட அந்தப் பெயர். ஹெப்பகோடியில் வாடகைக்கு வீடு கேட்டபோது ஓனர் ஐடி கார்டைப் பார்த்ததும் சாவியை நீட்டினார். என் மகள் சுமதிக்கு நல்ல வரன் வந்ததும் அந்தப் பெயரால்தான்.

2. கையில் இருக்கக்கூடாத பாட்டில்

போட்டிக் கம்பெனி சரக்கு எங்கள் கையில் இருக்கக்கூடாது. டியூட்டியில் மட்டுமல்ல, வாழ்க்கையிலேயே. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் முனிராஜு, திருவிழாவில் அந்த பாட்டிலோடு நின்ற போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்தான். எச்.ஆர். கூப்பிட்டுவிட்டது. "பக்கத்துல நின்னவரு குடுத்தாரு சார், சும்மா புடிச்சினு இருந்தேன்" என்று சத்தியம் செய்தான். அந்த வருடம் அவனுக்குப் புரமோஷன் இல்லை.

3. நிச்சயதார்த்தம்

சுமதியின் நிச்சயத்துக்கு பிளாண்ட் மேனேஜர் ராவ் சாரைக் கூப்பிட்டிருந்தேன். ஷிப்ட் இன்சார்ஜ் போஸ்டுக்கு என் பெயர் அவர் மேஜையில் இருந்தது, கூப்பிடாமல் முடியுமா? மண்டபத்தில் எங்கள் கம்பெனி பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைத்தேன். அப்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் சேகர் டெம்போவில் வந்து இறங்கினார். அடுகோடியில் ஏதோ ஏஜென்சி நடத்துகிறார் என்று தெரியும். எந்தக் கம்பெனி ஏஜென்சி என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. தாய்மாமன் சீர் என்று அவர் இறக்கியது போட்டிக் கம்பெனி பாட்டில்கள், கிரேட் கிரேட்டாக.

"சம்பந்தி, வந்தவங்களுக்கெல்லாம் இதத்தான் குடுக்கணும். என் மரியாதையே இதுல இருக்குது."

ராவ் சார் வருகிற நேரம். கிரேட்டுகளைச் சமையல்கட்டுக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தார்ப்பாய் போட்டு மூடினேன். அவர் பார்த்துவிட்டார்.

"இன்னா சம்பந்தி, என் சீரு உனக்குக் கேவலமா பூட்ச்சா? அக்கா, தட்டு மாத்தாத, கெளம்பு!" என்று மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்து நடு மண்டபத்தில் கத்தினார்.

மேடையில் சுமதி அழுதுகொண்டிருந்தாள். அதே நேரம் வாசலில் ராவ் சாரின் கார் வந்து நின்றது.

என் மனைவி ஜெயாதான் வாயைத் திறந்தாள். "அண்ணே, சீருன்னா பாட்டிலோடயா நீட்டுவாங்க? எவர்சில்வர் டம்ளர்ல, ஐஸ் போட்டு, மரியாதையா குடுக்கணும்னுதான் உள்ள வெச்சோம்."

சேகர் கொஞ்சம் இறங்கி வந்து உட்கார்ந்தார். ஜெயா உள்ளே போய், எங்கள் பாட்டில், அவர் பாட்டில் எல்லாவற்றையும் திறந்து ஒரே அண்டாவில் கவிழ்த்தாள். இரண்டும் ஒரே கறுப்பு. காலமெல்லாம் பாட்டிலில் நிரப்பிய நான், அண்டாவில் நிரம்புவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராவ் சாருக்குக் கிடைத்தது சேகர் பக்கத்து நாற்காலி. ஒரு வாய் குடித்துவிட்டு என் காதருகில், "நோடி, பாருங்க, இதான் நம்ம குவாலிட்டி. கண்ண மூடிட்டு குடிச்சாலும் சொல்லிடுவேன்" என்றார்.

சேகர் மீசையைத் துடைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கும்படி, "நம்ம சரக்குன்னா நம்ம சரக்குதான்!" என்றார்.

ராவ் சார் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா, கஸ்டமரே சொல்றாரு!"

தட்டு மாறியது. சுமதி சிரித்தாள். எனக்குப் போஸ்டும் கிடைத்தது. அப்ரைசலில் ராவ் சார், கம்பெனி மேல் எனக்கு இருக்கும் விசுவாசத்தைத் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தார். படித்துக் காட்டினேன். "எனக்கு வரவேண்டியது" என்றாள் ஜெயா.

சேரலாமா என்று கேட்டால், சேருங்கள் என்றுதான் சொல்வேன். அந்தப் பெயர் வீடு பிடித்துத் தரும், வரன் கொண்டுவரும். ஆனால் அந்தப் பெயருக்குப் பயப்படாத ஒருவராவது வீட்டில் இருக்க வேண்டும்.