கல்நெஞ்சுக்காரர் என்று பெயர் வாங்கியவர்

கல்லூரி அலுவலகத்தில் இருந்த பெண், அவர் சட்டைப்பையில் தைத்திருந்த லிஃப்ட் கம்பெனிப் பெயரைப் பார்த்ததுமே, "லிஃப்ட் பின்பக்கம் இருக்குங்க. ரெண்டாவது மாடியில நின்னுபோச்சு," என்றாள்.

"லிஃப்டுக்கு வரலம்மா. படிக்க வந்தேன்."

எந்த வகுப்பு என்று கேட்டாள். 'பாலினமும் பாலியலும்' என்று வாய்விட்டுச் சொல்ல அவருக்கு நா எழவில்லை. அறிவிப்புப் பலகையில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். தலை முழுக்க நரைத்தாயிற்று. ஒரே மகள், அப்பா செல்லம். பள்ளி விடுமுறையில் மொட்டைமாடி மோட்டார் அறைக்குக்கூட அவர் பின்னாலேயே ஏறிவருவாள். நான்கு வருஷத்துக்கு முன் அவள் தன் தோழியை வீட்டுக்கு அழைத்துவந்து, "இவளோடதான்ப்பா வாழப்போறேன்," என்றாள். அவர் ஆடித் தீர்த்துவிட்டார். "அப்படின்னா இந்த வாசப்படிய மிதிக்காதே!"

அவள் போய்விட்டாள். போன் நம்பரும் மாறிவிட்டது. அவருடைய கோபம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே மனைவியிடம் கேட்பார்: "குட்டி பேசினாளா?"

"இல்லைங்க."

"எங்க இருக்கான்னாவது தெரிஞ்சுதா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

தேடிப் போய் நின்றாலும் என்ன பேசுவது? அவள் சொன்னதில் பாதி தனக்கு விளங்கவே இல்லையே என்ற குறை அவரை அரித்தது. அதனால்தான் சமுதாயக் கல்லூரியின் சனிக்கிழமை வகுப்பில் சேர்ந்தார். மனைவியிடம், ஆஸ்பத்திரி லிஃப்டைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவைத்தார். விளங்கிக்கொள்வதற்கு முன்பே தண்டோரா எதற்கு என்று நினைத்தார்.

வகுப்பில் எல்லாரும் சின்னவர்கள். அவரை மாமா என்று கூப்பிட்டார்கள். முதல் சில வாரங்கள் அவர் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். ஒருநாள் துணிந்து கேட்டார்: "மேடம், இதெல்லாம் யாராச்சும் சொல்லிக்கொடுத்து வர்றதா?"

"உங்க வீட்டம்மாவை உங்களுக்குப் பிடிக்கணும்னு யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்றார் ஆசிரியை.

வகுப்பு சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். அன்று வீட்டுக்கு நடக்கும்போது, மகளிடம் சொல்ல வேண்டியதை முதல்முறையாகத் தனக்குள் சொல்லிப் பார்த்தார்.

படிப்பு முடியும் தறுவாயில் ஆசிரியை ஒரு விருந்தாளியை அழைத்திருந்தார். "தன்பாலீர்ப்புப் பிள்ளைகளோட பெற்றோர் குழுவிலிருந்து ஒரு அம்மா பேசப்போறாங்க."

உள்ளே வந்தது அவர் மனைவி.

சனிக்கிழமைகளில் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவந்தவள். அவர் கடைசி வரிசையில், தூண் ஓரத்தில் இருந்தார். அவள் பார்க்கவில்லை. மகளைப் பற்றிப் பேசினாள். மகளும் அந்தப் பெண்ணும் இரண்டு பஸ் தூரத்தில் குடியிருப்பதை, அவர்கள் வீட்டில் பால் காய்ச்சியதை, மகளுக்கு ஆபரேஷன் ஆனபோது தான் பக்கத்தில் படுத்திருந்ததை எல்லாம் சொன்னாள். பிறகு, "அவ அப்பா மட்டும் கல்நெஞ்சுக்காரர். பொண்ணு பேரை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவார். இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்ல," என்றாள்.

முன்வரிசைப் பெண் ஒருத்தி அவரைத் திரும்பிப் பார்த்து, "பாவம்ல மாமா அந்தம்மா," என்றாள்.

அவர் எழுந்தார். "ஒரு வார்த்தைகூடவா கேட்டதில்ல?"

அவருடைய குரலை அவள் அறிவாள். முகத்தில் ஈயாடவில்லை. அழப்போகிறாள் என்று நினைத்து ஆசிரியை அவள் தோளைத் தடவிக்கொடுத்தார். வகுப்பு கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவர் வெளியே வந்தார்.

வீட்டில் மனைவி சோற்றை வடித்துவைத்தாள். பிறகு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"முதல்ல பயந்துதாங்க மறைச்சேன். மறுபடி கத்துவீங்கன்னு."

"அப்புறம்?"

"அப்புறம்... பொறந்ததுலேர்ந்து அவ உங்க பொண்ணாவே இருந்தா. எதுன்னாலும் அப்பாதான். இப்பதான் என் மடியில வந்து படுத்தா. சொல்லிட்டா திரும்ப உங்ககிட்ட போயிடுவாளோன்னு இருந்துச்சு."

"என்னைப் பத்தி அவகிட்ட என்ன சொன்ன?"

"கோபம் இன்னும் ஆறலன்னு."

அவர் மகளின் விலாசத்தை மட்டும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை மகள்தான் கதவைத் திறந்தாள். இளைத்திருந்தாள். "கோபம் ஆறிடுச்சாப்பா?"

"அது ஆறி வருஷக்கணக்காச்சும்மா. உன்னைக் கேக்காத நாளில்ல."

"அம்மா சொல்லவே இல்லையே."

பொய் சொல்ல அவரால் முடியவில்லை. "சொல்லல," என்றார்.

மகள் அழவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளேயிருந்து அவள் துணைவி வந்து, "உள்ள வாங்கப்பா," என்றாள். தனக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்சில் ஒன்றுகூட அவருக்கு வாயில் வரவில்லை. உட்கார்ந்து காப்பி குடித்தார். ஆபரேஷனுக்காக மகள் வயிற்றில் கத்தி வைத்த அன்று எந்தக் கட்டடத்தில் எந்த லிஃப்டுக்குள் நின்றுகொண்டிருந்தோம் என்று யோசித்தார்.

இப்போது மகள் அவரிடம் தினமும் பேசுகிறாள். அம்மாவிடம் பேசுவதில்லை. அவர் எத்தனையோ சமாதானம் சொல்லிப் பார்த்துவிட்டார். "உங்களால அம்மாவை மன்னிக்க முடிஞ்சுதாப்பா?" என்று அவள் திருப்பிக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

வீட்டில் சண்டை கிடையாது. தட்டில் சோறு விழுகிறது, அவர் சாப்பிடுகிறார். ஆனால் காஸ் தீர்ந்துவிட்டது என்று அவள் சொன்னால்கூட, அவர் எழுந்துபோய், காலிதானா என்று சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறார். அவள் கதவோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.