வேலியடி விளக்கு

விவசாயப் போதனாசிரியர் தந்த சோலார் விளக்குப் பொறியை, மாங்குளத்தில் வீட்டோடு சேர்ந்த எங்கள் கத்தரித் தோட்டத்தில் நேற்று வைத்தேன். பொழுதுபட விளக்கு எரிந்தது. அந்துப்பூச்சிகள் அதில் மோதும் சத்தம் கேட்டதும் எனக்கு மண்ணெண்ணெய் மணந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. அந்த ஆவணியில் அப்பா தோட்டத்தின் நட்டநடுவில் பேசின் நிறையச் சவர்க்காரத் தண்ணீர் வைத்து, அதன்மேல் அரிக்கன் லாம்பைத் தொங்கவிட்டார். விடியப் பார்த்தால் பேசின் முழுக்கப் பூச்சி. அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. ஆனால் ஒரு வாரம் போகப் பார்த்தால், லாம்பைச் சுற்றி நின்ற செடிகளில்தான் புழு துளைத்த காய்கள் அதிகம்.

"இஞ்சேருங்கோ, நீங்கள் பூச்சியை வெத்திலை வைச்செல்லோ கூப்பிடுறீங்கள். அது முட்டையைப் போட்டிட்டுத்தான் சாகுது. வேலியடியில வையுங்கோ," என்றார் அம்மா.

"குசினிக்குள்ள இருந்துகொண்டு தோட்டக் கதை கதைக்கிறீரோ?"

மறுநாள் அம்மா ஒருவரையும் கேட்கவில்லை. பேசினையும் லாம்பையும் தூக்கிப்போய் வேலியடியில் வைத்தார். அப்பா இரண்டு நாள் முகங்கொடுத்துக் கதைக்கவில்லை.

மாதக் கடைசியில் பறித்தபோது கடகம் நிறைய ஓட்டையில்லாத காய்கள். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து எப்படியென்று கேட்டார். அப்பா குசினிக்குக் கேட்கும்படி சொன்னார்:

"எல்லாம் என்ர மனுசியின்ர மூளை!"

உள்ளே சட்டிபானைச் சத்தம் சட்டென்று நின்றது.

இன்று காலை போதனாசிரியர் வந்து, நான் வேலியடியில் வைத்திருந்த பொறியைப் பார்த்தார். "வேலியடியில வைக்கச் சொல்ல மறந்துபோனன். ஆர் உங்களுக்குச் சொன்னது?"

அம்மா உள்ளே தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். நானும் குசினிக்குக் கேட்கும்படிதான் சொன்னேன்:

"எங்கட அம்மா!"

கரண்டிச் சத்தம் நின்றது.