சோஃபியா கவுன் கடையின் வெள்ளை எழுத்து

தொம்மலூரில் கல்யாண கவுன் தைக்கும் சோஃபியாவின் வெப்சைட், 2006 அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை காணாமல் போனது. விலாசத்தை அடித்தால் வந்தது, தேடினால்தான் வரவில்லை. முந்தின நாள்வரை தேடலின் முதல் பக்கத்தில் மூன்றாவதாக நின்ற கடை. அதுவும் ஜனவரிக் கல்யாணங்களுக்கு ஆர்டர் வருகிற நேரம். வெளிநாட்டுப் பெண்கள் தேடிப் பார்த்துத்தான் எழுதுவார்கள். தேடலில் இல்லாத கடை அவர்களுக்கு இல்லாத கடைதான்.

சைட்டைக் கட்டியவர் கணவர் கில்பர்ட். டெலிபோன் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் தரப் பரிசோதகராக இருந்து விருப்ப ஓய்வில் வந்தவர். வேறு யாராவது என்றால் தலையில் கை வைத்திருப்பார்கள். இவருக்கோ உள்ளுக்குள் ஒரே குறுகுறுப்பு. பழுதான கருவி கைக்கு வந்தால் முகம் மலர்கிற ரகம் அவர்.

தேடுபொறிக் கம்பெனி தண்டிக்கிறதென்றால் அதற்கு விதி இருக்குமே. அந்த விதிகளை அச்சடித்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தார். காசு கொடுத்து லிங்க் வாங்கினோமா? இல்லை. அடுத்தவர் பக்கத்தைக் காப்பியடித்தோமா? சத்தியமாக இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் எழுத்தை ஒளித்து வைத்தோமா? 'ஃபிராடு வேலை' என்று அதையும் அடித்துவிட்டார். தான் செய்த வேலையைத் தானே சோதிக்கக் கூடாது என்று தொழிற்சாலையில் ஊருக்கெல்லாம் சொன்ன மனுஷன், இங்கே கோட்டை விட்டார்.

நாலு நாள் வீணானது. சனிக்கிழமை, சைட்டின் முதல் பக்கத்தைக் காப்பி எடுக்க மொத்தத்தையும் தேர்ந்தெடுத்தார். திரை முழுக்க நீலமானது. அடியில், வெறும் வெள்ளையாக இருந்த இடத்திலும் எழுத்துகள் எழுந்து நின்றன. செயின்ட் ஜூடு என்கிற புனித யூதா ததேயுவுக்கு நன்றி ஜெபம். எண்ணிப் பார்த்தார். ஒன்பது தடவை இருந்தது. கடைசியில் 'எஸ்.ஜி.'

சைட்டில் ஃபோட்டோ ஏற்ற அவர் கற்றுக்கொடுத்தது ஒரே ஒருத்திக்குத்தான்.

"சோஃபி, இத நீ போட்டியா?"

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்த சோஃபியா நிமிரவில்லை. "கேட்டது கெடச்சா பப்ளிஷ் பண்றேன்னு நேர்ந்துக்கிட்டேங்க. எல்லாரும் பேப்பர்ல போடுவாங்க. நமக்குத்தான் சைட் இருக்கே."

"அதுக்கு வெள்ளைக் கலர் எதுக்கு?"

"கவுன் பாக்க வர்றவங்களுக்கு நம்ம வீட்டு விஷயம் எதுக்கு? செயின்ட் ஜூடுக்குத் தெரிஞ்சா போதும்."

புனிதருக்குத் தெரிந்தது தேடுபொறிக்கும் தெரிந்துவிட்டது. கில்பர்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"அப்படி என்னாதான் கேட்ட? ஆர்டரா?"

சோஃபியா ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். "வேலைய விட்டு வந்து ஒரு வருஷம் யார்கிட்டயும் பேசாம இருந்தீங்களே. இவருக்கு மனசு ஒட்டுற மாதிரி ஒரு வேலை குடுன்னு கேட்டேன். அப்புறம்தான் நீங்க கம்ப்யூட்டர் கிளாஸுக்குப் போனீங்க."

அந்த ஒரு வருஷத்தை யாரும் கவனிக்கவில்லை என்றே கில்பர்ட் நினைத்திருந்தார். திரைப் பக்கம் திரும்பி, "இத எடுத்துடணுமே" என்றார்.

"வாக்குக் குடுத்தாச்சேங்க."

"ஒம்பது தடவைன்னா நேர்ந்துக்கிட்ட?"

"இல்ல, ஒரு தடவைதான். மீதி நானா போட்டது. சந்தோஷத்துல."

எட்டை அழித்தார். ஒன்றைக் கறுப்பாக்கினார். 'எஸ்.ஜி.' என்ற இடத்தில் 'சோஃபியா, கணவர் கில்பர்ட் மீண்டதற்காக' என்று முழுசாக எழுதினார். தேடுபொறிக் கம்பெனிக்கு அனுப்பிய மறுபரிசீலனைப் படிவத்திலும் நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஐந்து வாரம் ஒரு தகவலும் இல்லை. டிசம்பர் முதல் வாரத்தில் கடை தேடலில் திரும்ப வந்தது, இரண்டாம் பக்கத்தில்.

மறுநாளே மஸ்கட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். கவுனைப் பற்றி இரண்டாவது வரியில்தான் கேட்டிருந்தாள். முதல் வரி, "மிஸ்டர் கில்பர்ட் இப்போது எப்படி இருக்கிறார்?"

சோஃபியா படித்துவிட்டு எழுந்து நாற்காலியை அவருக்கு விட்டாள். "நீங்களே சொல்லுங்க."

கில்பர்ட் வெகுநேரம் யோசித்து, இரண்டே வரி அடித்தார். "நன்றாக இருக்கிறேன், அம்மா. உங்கள் அளவுகளை அனுப்புங்கள்."