நூற்றெண்பது சென்டிமீட்டர்

எங்கள் லாயத்தில் பன்னிரண்டு குதிரைகள். அவை எல்லாவற்றையும்விட அதிகம் மிரள்கிறவர் அளவுக்காரர். வாரம் ஒருமுறை ஒவ்வொரு குதிரைக்கும் மார்பைச் சுற்றி டேப்பு பிடித்து அளவை நோட்டில் எழுதுவார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் நான் தீவனம் கலப்பேன். எண் ஏறினால் தீவனத்தைக் குறைக்க வேண்டும். கொழுத்த குதிரைக்குக் குளம்புக்குள் வீக்கம் வரும். முற்றிவிட்டால் ஊசி போட்டுக் கதையை முடிக்க வேண்டியதுதான்.

தப்பாக எழுதிவிடுவோமோ என்று மனிதருக்கு ஓயாத பயம். டேப்பை இறுக்கி இழுத்துப் பிடித்து மூன்று முறை அளப்பார்.

"அண்ணே, குதிரைக்கு மூச்சு முட்டப்போவுது" என்று கிண்டல் செய்வேன். காதில் வாங்கவே மாட்டார்.

போன செவ்வாய்க்கிழமை காலை சாம்பல் நிறப் பெண்குதிரை அடி எடுத்து வைக்க மறுத்தது. முன்கால்களை நீட்டி, பாரத்தைப் பின்னங்கால்களில் போட்டுக்கொண்டு நின்றது. அளவுக்காரர் குனிந்து முன்குளம்பில் கை வைத்தார்.

"சுடுதுப்பா. மேல நாடி வேற படபடன்னு அடிக்குது."

"நூத்தெண்பதுதானே இருந்துச்சு?"

"ஒரு வருஷமா அதேதான்."

நோட்டைப் புரட்டிக் காட்டினார். குதிரையின் விலா எலும்புகள் கொழுப்பில் மூடிக்கொண்டு வந்ததை நான் பார்க்காமல் இல்லை. எண்தான் சரியாக இருக்கிறதே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

டாக்டருக்குப் போன் செய்துவிட்டு நின்றோம். அளவுக்காரருக்குச் சாப்பாடு கொண்டுவந்த, தையல் வேலை செய்யும் அவர் மனைவி கீழே கிடந்த டேப்பை எடுத்து விரலால் நீவினார்.

"எத்தனை வருஷமாச்சுங்க இதுக்கு?"

"ஏழெட்டு இருக்கும்."

"துணி டேப்பு இழுக்க இழுக்க நீண்டுடும்ங்க. நான் வருஷாவருஷம் மாத்துறேனே, பாத்ததில்லையா?"

கைப்பையிலிருந்த தன் டேப்பை அதன் பக்கத்தில் நீட்டி வைத்தார். அது நூற்றைம்பதில் முடிந்த இடத்தில் அளவுக்காரருடையது நூற்று நாற்பத்து நாலுதான் காட்டியது. குதிரை பெருக்கப் பெருக்க டேப்பும் நீண்டிருக்கிறது. நீட்டியது அவருடைய பயம்தான். அவருக்கும் அது புரிந்துவிட்டது. தீவன மூட்டைமேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

டாக்டர் வந்து குளம்புகளை ஐஸ் தண்ணீரில் நிறுத்தினார். எக்ஸ்ரே எடுத்தார்.

"குளம்புக்குள்ள எலும்பு இன்னும் இறங்கல. பிழைச்சுக்கும்" என்றார். எங்களுக்கு மூச்சு வந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "மத்ததையெல்லாம் எந்த டேப்புல அளந்தீங்க?"



அளவுக்காரர் எழுந்து பக்கத்துக் கொட்டடிக்குப் போனார். குனிந்தார், கையை நீட்டினார், பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

"நீ தொட்டுப் பாருப்பா. என்னால முடியல."

நான் உட்கார்ந்து குளம்பில் கை வைத்தேன். சுட்டது.

"என்னப்பா, ஒண்ணுமில்லதானே?" என்று தலைக்குமேல் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் நிமிரவில்லை.