எலும்பில்லாத விலாக்கறி

அந்தக் கறிக்குப் பெயர் கிங் ரிப். ஸ்காட்லாந்தில் மீனும் உருளைக்கிழங்கும் வறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் கடைகளில் விற்கிறார்கள். பன்றிக்கறியைக் கொத்தி, விலா எலும்பு தெரிகிற மாதிரி வரிவரியாக அச்சில் அழுத்தி, மாவில் தோய்த்து, பஜ்ஜி போடுவதுபோல் எண்ணெயில் விடுவது. பெயர்தான் விலா, உள்ளே ஒரு எலும்பும் கிடையாது. என் தம்பி வாரத்தில் ஆறு நாள் அந்த எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நிற்கிறான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் கேட்டால் ஓட்டல் மேனேஜர் என்பார்கள். அப்படிச் சொல்லி வைத்தது நான்தான்.

எங்கள் தெருவில் பன்றிக்கறி என்ற வார்த்தையையே வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அது எங்கள் வயலுக்குக் கூலிக்கு வந்தவர்கள் தின்பது என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இதே தெரு ஆண்கள் பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டியில் சில்லி சிக்கன் என்று எதை எந்த எண்ணெயில் பொரித்துக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் தின்பார்கள். அதில் முதல் ஆள் என் பெரியப்பா.

அப்பா பக்கவாதத்தில் விழுந்தபோது அம்மா இல்லை. திருவிடைமருதூரில் என் கணவரையும் வீட்டையும் விட்டுவிட்டு வந்து இரண்டு வருஷம் அவருக்கு மலஜலம் அள்ளினேன். மருந்தெல்லாம் தம்பி அனுப்பியதில் வாங்கியதுதான், அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அள்ளியது நான். அந்த இரண்டு வருஷத்தில் அப்பா என் முகத்தைப் பார்த்து ஒரு நாள்கூடச் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தம்பி வந்துவிட்டால் போதும், கோணிப்போன வாய் காதுவரை போகும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி கடையிலிருந்தே பேசினான். சட்டியிலிருந்து இடுக்கியால் ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"என்னடா அது?" என்றார் அப்பா. குழறும், ஆனால் எங்களுக்குப் புரியும்.

"கிங் ரிப்புப்பா."

"என்ன கறி?"

தம்பி குரலைத் தாழ்த்தினான். "பன்னிப்பா. யார்ட்டயும் சொல்லிடாதீங்க."

நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத் தொலைந்தான் என்று நினைத்தேன். அப்பா, "எலும்பு இருக்கா?" என்று கேட்டார்.

"கெடையாதுப்பா."

"அப்ப பல்லு இல்லாதவனுக்குத் தோதுதான். வரும்போது எனக்கும் செஞ்சு போடு."

சொல்லிவிட்டுச் சிரித்தார், இருமல் வரும்வரை சிரித்தார். ஒரு கையில் போன், மறு கையால் அவர் வாயைத் துடைத்தேன். அன்று மத்தியானம் நான் குழைத்து ஊட்டிய ரசம் சாதத்தை நாக்கால் தள்ளித் துப்பியவர் அவர். எனக்கு வயிறு எரிந்தது. இப்போது நினைத்தாலும் எரிகிறது.

அப்பா செத்தபோது தம்பியின் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. கிளம்பினால் திரும்ப முடியாது. பெரியப்பா மகன் கொள்ளி வைத்தான். தம்பி அதைப் போனில் பார்த்தான். அதற்கப்புறம் பேசும்போதெல்லாம் ஒன்றையே சொன்னான். "கொள்ளிதான் வைக்க முடியல. தலை தெவசத்துக்காவது வந்து என் கையால பிண்டம் வைக்கணும்க்கா. இல்லன்னா நான் என்ன புள்ள?"

வருஷம் திரும்பியது, வந்துவிட்டான். திதிக்கு முதல் நாள் வாசலில் பங்காளிகள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியப்பா அவன் முதுகைத் தடவி, "நீ வந்ததுலதான்டா உங்கப்பன் மனசு குளிரும்" என்றார். ஆளாளுக்கு அவன் இளைத்துவிட்டதைப் பற்றிப் பேசினார்கள். என்னிடம் யாரோ, "காபி போடும்மா" என்றார்கள்.

போட்டேன். தம்ளரைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னேன். "இவன் அங்க என்ன வேலை பாக்குறான்னு கேட்டீங்களா பெரியப்பா? பன்னிக்கறி வறுக்கிறான். திங்கவும் திங்கிறான்."

பெரியப்பா தம்ளரைக் கீழே வைத்தார். "அந்தக் கையால பிண்டம் வைக்கிறதா? என் தம்பி அத வாங்குவானா?"

தம்பிக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "அப்பாவுக்குத் தெரியும் பெரியப்பா. சிரிச்சாங்க. எனக்கும் செஞ்சு போடுன்னாங்க" என்றவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, நீதான போனப் புடிச்சிருந்த? சொல்லுக்கா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் முதல் முறையாக என் பேச்சுக்காகக் காத்திருந்தார்கள். ஆமாம் என்றால் முடிந்துவிடும். செத்தவரே சரி என்றதைப் பெரியப்பா மறுக்க மாட்டார்.

"எனக்கு அப்படி எதுவும் ஞாபகம் இல்ல" என்றேன். வாய் கூசவில்லை. பெரிய நிம்மதியாகக்கூட இருந்தது.

மறுநாள் காவிரிப் படித்துறையில் பெரியப்பா மகன்தான் பிண்டம் வைத்தான். தம்பியும் முழுகிவிட்டு, ஈர வேட்டியோடு மேல்படியில் நின்றான். கடைசி நேரத்தில் கூப்பிடுவார்கள் என்று நினைத்திருப்பான். கூப்பிடவில்லை.

அதோடு நான் விட்டிருக்கலாம். பந்தியில் எல்லாருக்கும் இலை போட்டேன். கொல்லையில் ஒரு அலுமினியத் தட்டு கிடந்தது, நடவு நாட்களில் கூலியாட்களுக்குச் சோறு போடுவது. அதைக் கழுவித் தம்பிக்கு வைத்தேன். பெரியப்பாகூட இதைச் சொல்லவில்லை, நானாகச் செய்தது. தம்பி தட்டைப் பார்த்தான். சாப்பிட்டான். கொல்லைக்குப் போய் அவனே கழுவி, கூலியாட்கள் கவிழ்த்து வைக்கிற அதே இடத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தான்.

இரண்டு நாள் கழித்துத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார் வந்தது. பெட்டியை ஏற்றிவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, நெஜமாவே ஞாபகம் இல்லையா?"

"இல்ல."

என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். எண்ணெய் தெறித்த தழும்புகள் அவன் விரல்களில் சொரசொரவென்று இருந்தன.

"பரவால்லக்கா. ரெண்டு வருஷம் நீ ஒரு நாள்கூட ஒழுங்காத் தூங்கல. எப்படி ஞாபகம் இருக்கும்? அத்தன பேர் முன்னாடி ஒன்ன நான் கேட்டிருக்கக் கூடாது. மனசுல வச்சுக்காத."

சரி என்று தலையை ஆட்டினேன்.