தும்மலுக்குப் பிறகு வந்த முருகா

வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மாப்பிள்ளை என்று சொல்லித்தான் என் அம்மா அவரை எனக்குக் கட்டி வைத்தார். நானும் அதை நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கணவருக்கு ஓர் அரசாங்க அலுவலகத்தில் கார் ஓட்டும் வேலை. செந்தூலில் ஒரு பழைய அடுக்குமாடியில் குடியிருந்தோம். ஒருநாள் பிரிக்ஃபீல்ட்ஸில் பூக்கடை வேலை முடிந்து ரயிலில் வரும்போது எங்கள் ஃபிளாட் வாட்ஸ்அப் குழுவில், எங்கெங்கோ சுற்றிவிட்டு, ஒரு குரல் பதிவு வந்தது. யாரோ பெரிய அதிகாரி மலாய் மொழியில் பேசுகிறார். எங்கள் கட்டடத்தின் தூண்கள் தாங்காது என்பது அவர் அலுவலகத்துக்கு முன்பே தெரியுமாம். இப்போது சொன்னால் எல்லாருக்கும் மாற்று வீடு கொடுக்க வேண்டிவரும், நிலம் கைமாறும்வரை விஷயத்தை மூடி வையுங்கள் என்கிறார். நடுவில் சிரிப்பு வேறு.

என் பிள்ளைகள் அந்தத் தூண்களை நம்பித்தான் தூங்குகிறார்கள். பதிவின் கடைசியில் ஒரு தும்மல். பிறகு மெதுவாக, 'முருகா...' என்று ஓர் இழுப்பு. அந்த இழுப்போடு குடித்தனம் நடத்துகிறவள் நான். எனக்குத் தெரியாதா?

"பதிவு பண்ணது நீங்கதானே?" வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்டேன்.

"அந்த அதிகாரி டிரைவருங்க நிக்கிற எடத்துலயே நின்னு சிகரெட் பிடிச்சிக்கிட்டுப் பேசுறான். நமக்குக் காது இருக்குன்னே அவனுக்குத் தோணல."

"போலீஸ் பிடிச்சா ஜெயில் லா! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"சொன்னா விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அதனால் கோபம் இன்னும் கூடியது.

அதற்குள் கீழே கூச்சல். எல்லா மாடியிலிருந்தும் ஜனங்கள் இறங்கிப்போய் சாலையை மறித்து உட்கார்ந்துவிட்டார்கள். லிஃப்ட் கெட்டுப்போனால்கூட ஒன்றாகப் புகார் கொடுக்காத ஜனங்கள். நாங்களும் போனோம். யாரோ கோயில் ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து பதிவைப் போட்டார்கள். போனில் சின்னதாகக் கேட்ட தும்மல் அதில் இடியாக விழுந்தது. 'முருகா' தெருமுனை வரை போனது. அவரை என் முதுகுக்குப் பின்னால் தள்ளினேன்.

எதிரில் போலீஸ் லோரி நின்றது. இரண்டாம் மாடி அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அவர் காதில் ஒரு சேதி விழுந்தால் பொழுது சாய்வதற்குள் பக்கத்து ஊரான கிள்ளானுக்குப் போய்விடும். லிஃப்டில் என் கணவர் தும்மினால், "உங்க முருகன் வந்துட்டாரு" என்று சிரிப்பவரும் அவர்தான். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

சாதாரண உடையில் ஒரு போலீஸ்காரர் கூட்டத்துக்குள் வந்து அக்காவின் பக்கத்தில் குனிந்தார். தமிழர்தான்.

"அக்கா, கடைசியில முருகான்னது யாரு? தெரிஞ்ச குரலா?"

"யாருக்குத் தெரியும் பாஸ்? தும்முனா எல்லாரும் சொல்றதுதானே."

அவர் நகரவில்லை. வரிசையாக ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அப்போது என் முதுகுக்குப் பின்னால், சாலைப் புழுதியில், என் கணவர் தும்மினார்.

அடுத்து முருகா வரும். பழக்கதோஷம், அவரால் அடக்க முடியாது. திரும்பிப் பார்த்தால் வாயைத் திறந்துவிட்டார்.

"முருகா!"

அக்காதான் கத்தினார். அவரோடு முன்வரிசை முழுவதும் கத்தியது. நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார மாமா கத்தினார், நான்காம் மாடிச் சீன ஆன்டியும் கத்தினார். வந்தவர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார். என் கணவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். எல்லாருக்கும் முதலிலேயே தெரிந்திருக்கிறது.